மானியம் எதை மலிவாக்குகிறது?

வாசகியின் கேள்வி: எங்களுடையது விவசாயக் குடும்பம். நிலத்தை அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். நான் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறேன். வீட்டில் எப்போது சேர்ந்து உட்கார்ந்தாலும் ஒரே சண்டை. மண்ணும் நீரும் கெடுவதற்கு மானியம்தான் காரணம், அதை நிறுத்தினாலே பாதி சரியாகிவிடும் என்பது என் கட்சி. "நிறுத்தினால் முதலில் மூழ்குவது நான்தான். தட்டானையும் தவளையையும் காப்பாற்றினால் எனக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்பது அவர் கட்சி. விளைச்சலும் குறையாமல், சூழலும் கெடாமல் மானியம் கொடுக்க வழி உண்டா? எங்காவது நடந்திருக்கிறதா, இல்லை எல்லாம் காகிதத்தோடு சரியா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வேளாண் மானியத் திட்டங்களை மதிப்பீடு செய்வதுதான் என் பிழைப்பு. அதனால் அண்ணன் தங்கை சண்டையில் நடுவராக உட்காரக் கொஞ்சம் தயக்கம். இரண்டு பக்கத்திலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். அண்ணனுக்கு அறுபது மதிப்பெண், உங்களுக்கு ஐம்பது. தட்டானைக் காப்பாற்றினால் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று அவர் கிண்டலுக்குக் கேட்டிருக்கலாம். ஆனால் இந்தத் துறையில் 40 ஆண்டுகளாக எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வது அந்தக் கேள்விக்காகத்தான். சில நாடுகள் அந்தச் சம்பளத்தை உண்மையிலேயே கொடுத்துக்கொண்டும் இருக்கின்றன.

மானியத்தைப் பலரும் உதவித்தொகையாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது ஒரு விலைச்சீட்டு. உர மூட்டையின் விலையில் பாதியை அரசு ஏற்றுக்கொண்டால், "இன்னும் ஒரு மூட்டை போடு" என்கிறது அந்தச் சீட்டு. விளைந்த ஒவ்வொரு மூட்டைக்கும் கூடுதல் விலை என்றால், "ஓடைக்கரை வரை உழு" என்கிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று எந்தக் கேள்வியும் கேட்காமல் கொடுத்தால், விவசாயியிடம் அது எதுவுமே சொல்வதில்லை. நிலத்தின் விலையையும் குத்தகையையும் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் வளர்ச்சித் திட்டமும் சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டன. உலகம் முழுவதும் விவசாயிகளுக்குப் போகும் ஆதரவு ஆண்டுக்கு ஏறத்தாழ 54,000 கோடி டாலர். அதில் சுமார் 47,000 கோடி, விலைகளைத் திரிப்பதாகவோ சூழலுக்கும் சமூகத்துக்கும் ஊறு செய்வதாகவோ இருக்கிறது என்றார்கள். ஆக, பணம் இருக்கிறது. அது தவறான பொருளை மலிவாக்கிக்கொண்டிருக்கிறது.

உங்கள் கட்சிக்கு வலுவான சாட்சி இந்தோனேசியா, அதிலிருந்தே தொடங்குகிறேன். 1980களின் நடுவில் அங்கே பூச்சிக்கொல்லி விலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அரசே கொடுத்தது. கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கும் மருந்தை யார் அளந்து அடிப்பார்கள்? நெல்வயலில் புகையான் என்ற பூச்சி தலைகாட்டுவதற்கு முன்பே அடித்தார்கள். புகையானின் முட்டை நெல்லின் இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். வெளியே திரியும் ஓநாய்ச் சிலந்தியும் முட்டையை உறிஞ்சித் தின்னும் நாவாய்ப் பூச்சியும்தான் மருந்தில் செத்தன. ஒரு வாரம் கழித்து முட்டை பொரித்து வெளியே வரும் குஞ்சுகளுக்கு, காவலே இல்லாத வயல். மீண்டும் மருந்து, மீண்டும் புகையான். அரசு காசு கொடுத்துப் பூச்சியை வளர்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1986இல் நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடை செய்தார்கள். 1989க்குள் மானியத்தையும் படிப்படியாக எடுத்துவிட்டார்கள். மருந்துப் பயன்பாடு குறைந்தது, நெல் விளைச்சல் குறையவில்லை.

ஆனால் கவனியுங்கள். மானியத்தை எடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அதே காலத்தில் உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். விவசாயிகள் வாரம் ஒருமுறை வயலில் கூடுவார்கள். குத்துக்குத்தாகப் பார்த்து, எத்தனை புகையான், எத்தனை சிலந்தி என்று எண்ணி, காகிதத்தில் படம் வரைந்து, மருந்து தேவையா இல்லையா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். மருந்துக்குப் போன பணத்தில் ஒரு பங்கு அறிவுக்குப் போனது. வெறும் நிறுத்தத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

வெறும் நிறுத்தம் எப்படி இருக்கும் என்று பார்க்க நியூசிலாந்துக்குப் போக வேண்டும். 1984இல் அங்கே வேளாண் மானியங்களை ஏறத்தாழ முழுவதுமாக வெட்டினார்கள். அதுவரை செங்குத்தான மலைச்சரிவைக்கூடப் புதர் வெட்டிப் புல்வெளியாக்க அரசு கடனுதவி இருந்தது. ஆட்டுக்கு உறுதி விலை இருந்தது. இரண்டும் போனதும் சரிவு நிலங்களில் ஆடு மேய்ப்பது கட்டுப்படியாகவில்லை. 1982இல் சுமார் 7 கோடியாக இருந்த செம்மறி ஆடுகள் இப்போது 2.5 கோடிக்கும் கீழே. பல சரிவுகளில் மீண்டும் மரம் வந்தது. பயந்த அளவுக்குப் பண்ணைகளும் மூழ்கவில்லை. இதுவரை உங்களுக்கு வெற்றி. அடுத்து என்ன ஆனது என்றால், பாலுக்கு நல்ல விலை வந்தது. சமவெளியெல்லாம் கறவை மாடு, பாசனம், உரம். ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் நைட்ரேட் என்ற மாசு ஏறியது. அதற்கு எந்த மானியமும் தேவைப்படவில்லை, சந்தையே போதுமானதாக இருந்தது. மானியம் சூழலைக் கெடுக்கும் ஒரு வழி; சந்தை இன்னொரு வழி. ஆற்று நீரின் சுத்தத்துக்குச் சந்தையில் யாரும் விலை கொடுப்பதில்லை என்பதால் அதை யாரும் 'விளைவிப்பதும்' இல்லை. அந்த இடத்தில்தான் பொதுப்பணத்துக்கு வேலை. உங்களுக்கு ஐம்பதுக்கு மேல் போட முடியாமல் போனதற்குக் காரணமும் இதுதான்.

சரி, நல்ல எண்ணத்தோடு பச்சை முத்திரை குத்திக் கொடுத்தால் போதுமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் கதை அதற்குப் பதில். 1962இல் தொடங்கிய அவர்களுடைய பொது வேளாண் கொள்கை முதல் 30 ஆண்டுகள் விலைக்கு முட்டுக்கொடுத்தது. வெண்ணெய் மலைபோல் கிடங்கில் தேங்கியது. 1992இல் விலை ஆதரவைக் குறைத்து, நிலப்பரப்புக்குப் பணம் என்று மாற்றினார்கள். 2013 சீர்திருத்தத்தில் நேரடித் தொகையில் 30 விழுக்காட்டைச் சூழல் நிபந்தனைகளோடு கட்டினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? 2017இல் ஒன்றியத்தின் தணிக்கை மன்றம் கணக்குப் பார்த்தது. அந்த நிபந்தனைகளால் சாகுபடி முறை உண்மையில் மாறியது ஏறத்தாழ 5 விழுக்காடு நிலத்தில்தான். மற்ற இடங்களில் விவசாயிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததையே தொடர்ந்தார்கள், பணமும் வாங்கினார்கள். அவர்கள் மீது தப்பில்லை. பேரம் பேசிப் பேசி, பெரும்பாலோர் எதையும் மாற்றாமலே தேறிவிடும்படி நிபந்தனையை இளக்கியவர்கள் மீதுதான் தப்பு. மதிப்பீட்டுக்குப் போகும்போது நான் முதலில் கேட்பது, "பணம் வராவிட்டாலும் இதைச் செய்திருப்பீர்களா?" என்றுதான். நேர்மையான விவசாயி சிரித்துவிடுவார்.

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். விளைச்சலும் சூழலும் எல்லா இடத்திலும் மோதிக்கொள்வதில்லை. ஒரு வயல் முழுக்க ஒரே மாதிரி விளைவதில்லை என்பது உங்கள் அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மர நிழல் விழும் ஓரம், டிராக்டர் திரும்பித் திரும்பி இறுகிப்போன தலைமாடு, தண்ணீர் தேங்கும் பள்ளம், ஓடையை ஒட்டிய சரிவு என்று சில இடங்கள் விதையையும் உரத்தையும் வாங்கிக்கொண்டு ஒன்றும் திருப்பித் தருவதில்லை. இங்கிலாந்தில் ஹில்லஸ்டன் என்ற இடத்தில் பெரிய பண்ணை ஒன்றில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில பகுதிகளில் வழக்கம்போலச் சாகுபடி. சிலவற்றில் 3 விழுக்காடு நிலத்தையும், சிலவற்றில் 8 விழுக்காட்டையும் சாகுபடியிலிருந்து எடுத்து, பூச்செடிகளும் புற்களும் வளரவிட்டார்கள். எடுத்ததெல்லாம் விளைச்சல் மட்டமான ஓரங்கள். 2015இல் முடிவுகள் வெளிவந்தன. நிலத்தை இழந்தும் மொத்த விளைச்சல் குறையவில்லை. மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீக்களை நம்பியிருக்கும் அவரை வகைப் பயிரில் விளைச்சல் அதிகரிக்கவும் செய்தது.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நடந்தது இதைவிடக் கண்ணுக்குத் தெரியும். சரிவான மக்காச்சோள, சோயா வயலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அங்கே சரிவுக்குக் குறுக்காகவும் அடிவாரத்திலும் அந்த மண்ணுக்கே உரிய உயரமான புற்களையும் பூச்செடிகளையும் பட்டை பட்டையாக விதைத்தார்கள். ஆழமாக வேர்விடும் புல் அது, விறைப்பாக நிற்கும். பெருமழையில் மேலிருந்து சேறாக ஓடிவரும் தண்ணீர் அந்தப் புல்லில் முட்டி நிதானித்து, மண்ணை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, கீழே தெளிவாக வெளியேறும். முழுக்கப் பயிரிட்ட வயலோடு ஒப்பிட்டால் மண் இழப்பு ஏறத்தாழ 20 மடங்கு குறைந்தது. பத்தில் ஒரு பங்கு நிலத்தைக் கொடுத்து மண்ணை ஏறக்குறைய முழுவதுமாகக் காப்பாற்றிய கணக்கு இது. பிறகு 2018 வேளாண் சட்டத்தில் இந்தப் புல்பட்டைகளை மானியத்துக்கு உரியவையாகச் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால், பொதுப்பணத்துக்கு இதைப் போன்ற பேரம் கிடைப்பது அபூர்வம். நல்ல நிலத்தை முழுதாகச் சும்மா போடச் சொல்லிக் கொடுக்கும் பணத்தைவிட, மட்டமான ஓரத்தையும் சரிவையும் விட்டுக்கொடுக்கச் சொல்லும் பணம் பல மடங்கு வேலை செய்கிறது.

அடுத்து உரம். உலக அளவில் தானியப் பயிர்களுக்குப் போடும் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பாதிக்கும் குறைவாகத்தான் பயிருக்குப் போகிறது. மிச்சம் காற்றுக்கும் தண்ணீருக்கும். "அப்படியானால் ஏன் அவ்வளவு போடுகிறார்கள், தெரியாமலா?" என்று நீங்கள் கேட்பீர்கள். தெரிந்துதான் போடுகிறார்கள். அந்தக் கடைசி மூட்டை உரமாகப் போடப்படுவதில்லை, காப்பீடாகப் போடப்படுகிறது. மழை நன்றாகப் பெய்து பயிர் கேட்கும்போது சத்து இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். மூட்டை மலிவாக இருக்கும்போது அந்தப் பயத்துக்கு அடங்கிப் போவது புத்திசாலித்தனமும்கூட. எனவே உர மானியத்தை எடுத்து வேறெங்காவது போட வேண்டுமென்றால், அதே பயத்தைத் தணிக்கும் இடத்தில் போட வேண்டும். மண் பரிசோதனை, இலையின் நிறம் பார்த்து மேலுரம் கொடுக்கும் பழக்கம், உரத்தைக் குறைத்து விளைச்சல் விழுந்தால் அந்த நட்டத்தை ஈடுகட்டும் உறுதி, இவைதான் அந்த இடங்கள். ஐயோவாவிலேயே, அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் மண்ணை மூடும் பயிர் போட்டால் பயிர்க் காப்பீட்டுக் கட்டணத்தில் ஏக்கருக்கு 5 டாலர் தள்ளுபடி கொடுத்தார்கள். சின்னத் தொகைதான். ஆனால் விவசாயி எப்படியும் கையெழுத்துப் போடும் படிவத்திலேயே அது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் "இதைச் செய், பணம் வாங்கு" என்ற வகை. எனக்கு மிகவும் பிடித்த திட்டம் வேறு மாதிரி. அயர்லாந்தின் மேற்கில் பர்ரன் என்று ஒரு சுண்ணாம்புப் பாறை நிலம். பாறை இடுக்குகளில் அபூர்வமான பூக்கள். அங்கே ஒரு பழைய வழக்கம்: மற்ற இடங்களில் குளிர்காலத்தில் மாட்டை மலையிலிருந்து இறக்குவார்கள், பர்ரனில் மலைமேல் ஏற்றுவார்கள். குளிர்காலம் முழுக்க மாடு காய்ந்த புல்லை ஒட்ட மேய்ந்தால்தான் வசந்தத்தில் பூச்செடிக்கு வெளிச்சம் கிடைக்கும். மாட்டைக் கொட்டிலில் கட்டித் தீவனம் போடத் தொடங்கியதும் மலையில் புதர் மண்டியது, பூக்கள் மறைந்தன. அங்கே சூழலின் எதிரி விவசாயம் அல்ல, விவசாயம் நின்றுபோனதுதான். "சும்மா விடு, பணம் தருகிறோம்" என்று ஒரு திட்டம் போயிருந்தால் அந்த மலையை அதுவே முடித்திருக்கும்.

அவர்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்துக்கும் ஆண்டுதோறும் 1 முதல் 10 வரை மதிப்பெண். புல் சரியான அளவுக்கு மேயப்பட்டிருக்கிறதா, தீவனத்தொட்டியைச் சுற்றி நிலம் சேறாகிப் போயிருக்கிறதா, ஊற்று சுத்தமாக இருக்கிறதா, புதர் ஏறுகிறதா என்று நடந்து பார்த்துப் போடும் மதிப்பெண். கூடுதல் மதிப்பெண்ணுக்குக் கூடுதல் பணம். அடிமட்ட மதிப்பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது. எப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் விவசாயிக்குச் சொல்லவில்லை. இந்த ஆண்டு 6 என்றால் அடுத்த ஆண்டு 7 வாங்க என்ன செய்யலாம் என்று அவரே யோசிப்பார். பக்கத்து நிலத்துக்காரருக்கு 8 வந்ததாமே என்று எட்டிப் பார்ப்பார். உங்கள் அண்ணன் கேட்ட சம்பளம் ஏறக்குறைய இதுதான். விவசாயி மாட்டிறைச்சியோடு பூவையும் ஒரு விளைபொருளாக விற்கிறார், வாங்குவது அரசு.

அப்படியானால் எல்லா இடத்திலும் பலனுக்கே பணம் கொடுத்துவிடலாமே? முடியாது. புல்வெளியின் நிலையைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடலாம். நிலத்தடி நீரில் நைட்ரேட் குறைய ஆண்டுகள் ஆகும், அதுவும் யார் வயலிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. மழை பொய்த்தால் விவசாயி மீது தப்பே இல்லாமல் பலன் விழும். மறுபக்கம், செயலுக்கு மட்டும் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். வரப்போரம் மரம் நடும் திட்டம் ஒன்றின் மதிப்பீட்டுக்குப் போயிருந்தேன். நட்ட கன்று ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம். பதிவேட்டில் மூன்று ஆண்டுக்கான நடவும் இருந்தது. வரப்பில் வரிசையாகக் குழிகள் இருந்தன. ஒவ்வொரு குழியிலும் ஓராண்டுக் கன்று. மூன்று ஆண்டும் அதே குழியில் நட்டிருக்கிறார்கள்! கன்று சாவதில் யாருக்கும் நட்டமில்லை, ஏனென்றால் செத்தால்தான் அடுத்த ஆண்டும் நடலாம். பொய்க்கணக்கு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒவ்வொரு கன்றும் உண்மையிலேயே நடப்பட்டதுதான். பணத்தில் ஒரு பகுதியைச் செயலுக்கும் மறுபகுதியைப் பலனுக்கும் பிரித்து வைப்பது நல்லது என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன். நட்டதற்குக் கொஞ்சம், மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்பதற்கு மிச்சம்.

தொகை எவ்வளவு என்பதைவிட அது நிலைக்குமா என்பது பெரிய விஷயம். மண் நலம் ஒரே பருவத்தில் திரும்புவதில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கையைக் கடிக்கவும் செய்யும். அந்தக் காலத்தில் அரசு பின்வாங்கினால் விவசாயி மறுபடி நம்பமாட்டார். அமெரிக்காவில் 1985 சட்டத்தின்படி, அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தைப் புல்லுக்கோ மரத்துக்கோ விட 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம் போடுகிறார்கள். எந்த நிலத்தால் சூழலுக்கு எவ்வளவு நன்மை என்று வரிசைப்படுத்தித்தான் எடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. 2007இல் கிட்டத்தட்ட 3.7 கோடி ஏக்கர் அதில் இருந்தது. தானிய விலை ஏறியது, நாடாளுமன்றமும் உச்சவரம்பைக் குறைத்தது. அடுத்த பத்தாண்டுக்குள் சுமார் 2.4 கோடி ஏக்கர்தான் மிச்சம். ஒப்பந்தம் முடிந்த நிலம் மீண்டும் ஏருக்குப் போனது. இங்கிலாந்தில் இன்னொரு விதம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியபின் "பொது நன்மைக்கே பொதுப்பணம்" என்று நிலப்பரப்புத் தொகையைப் படிப்படியாக ஒழிக்கத் தொடங்கினார்கள். கொள்கையாக எனக்குப் பிடித்ததுதான். ஆனால் 2025 மார்ச்சில், ஒதுக்கிய நிதி தீர்ந்துவிட்டது என்று சொல்லி அதன் முக்கியத் திட்டத்துக்குப் புதிய விண்ணப்பங்களை முன்னறிவிப்பின்றி நிறுத்தினார்கள். பழையது போய்விட்டது, புதியதற்குக் கதவு அப்போது மூடியிருந்தது. நடுவில் நின்ற விவசாயியின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவசரத்தின் உச்சம் இலங்கை: 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே வீச்சில் தடை செய்து, நெல் விளைச்சல் சரியத் தொடங்கி, அதே ஆண்டிலேயே தடையை விலக்கிக்கொண்டார்கள். படிப்படியாக, முன்கூட்டியே சொல்லி, மாற்று வழியைக் கையில் கொடுத்துவிட்டு எடுத்த இந்தோனேசியாவோடு இதை ஒப்பிட்டால் மீதியை நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். பஞ்சாபில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம். நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழே போனது. 2009இல் ஒரு சட்டம் வந்தது: ஜூன் 10க்கு முன் நெல் நாற்று நடக்கூடாது. கோடையின் உச்சத்தில் நட்டால் தண்ணீர் ஆவியாகிப் போகும் என்ற கணக்கு சரிதான். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. அடுத்த கோதுமை விதைப்புக்கு நாள் குறைந்தது. வைக்கோலை அப்புறப்படுத்த நேரமில்லாமல் கொளுத்துவது நவம்பருக்குத் தள்ளிப்போனது. அப்போது காற்று குளிர்ந்து அசையாமல் நிற்கும், புகை கலையாது. நீருக்குப் போட்ட சட்டம் காற்றில் போய் முடிந்தது. இதே மாநிலத்தில் 2018இல் நடந்த சோதனை முயற்சி ஒன்று எனக்குச் சரியாகப் படுகிறது. ஒவ்வொரு மோட்டாருக்கும் இவ்வளவு யூனிட் என்று ஒதுக்கிவிட்டு, அதில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயியின் கணக்கில் பணம் போட்டார்கள். மானியம் அவரிடமேதான் இருக்கிறது. அதுவரை பம்பை ஓட்டினால் லாபம், இப்போது நிறுத்தினால் லாபம். விலைச்சீட்டைத் திருப்பி ஒட்டுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

உங்கள் அண்ணன் குத்தகைக்கும் எடுத்து உழுகிறாரா என்று கடிதத்தில் இல்லை. உழுகிறார் என்றால் இதைக் கவனிக்க வேண்டும். நிலத்தோடு கட்டிய மானியம் பெரும்பாலும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகிறது. மண்ணைத் திருத்தும் பாடு குத்தகைக்காரருக்கு, அதுவும் அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்றே தெரியாமல். ஐரோப்பாவில் நேரடித் தொகையில் சுமார் 80 விழுக்காடு 20 விழுக்காட்டுப் பயனாளிகளுக்குத்தான் போகிறது என்பது பழைய புகார். சூழல் மானியத்திலும் அதே கதை வரும், படிவத்தை நிரப்பத் தனி ஆள் வைக்க முடிந்தவருக்கே பணம் போகும். நெதர்லாந்து 2016 முதல் இதற்கு ஒரு வழி கண்டது. தனித்தனி விவசாயியோடு ஒப்பந்தம் போடுவதை விட்டுவிட்டு, வட்டார விவசாயிகளின் கூட்டமைப்போடு அரசு ஒப்பந்தம் போடுகிறது. கணக்கு வழக்கைக் கூட்டமைப்பு பார்த்துக்கொள்ளும். இன்னொரு லாபமும் உண்டு: பறவைக்கும் ஓடைக்கும் வேலி தெரியாது. ஒருவர் கரையில் புல் விட்டு, பக்கத்தவர் கரை வரை உழுதால் ஓடைக்கு என்ன பயன்?

இவ்வளவுக்கும் பணம் அரசு கஜானாவிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. நியூயார்க் நகரம் 1990களில் குடிநீருக்கு வடிகட்டும் நிலையம் கட்ட வேண்டிய நிலைக்கு வந்தது. 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். அதற்குப் பதிலாக, தண்ணீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியின் பண்ணைகளில் சாணக்குழி, ஓடையோர வேலி, கழிவுநீர் ஏற்பாடு ஆகியவற்றுக்குச் செலவழித்தார்கள். மிகக் குறைந்த செலவில் வேலை முடிந்தது. பண்ணைகளும் பண்ணைகளாகவே நீடித்தன. குழாயைத் திறப்பவர் மேலே மாடு வளர்ப்பவருக்குக் கூலி கொடுக்கிறார், அவ்வளவுதான்.

சூழலுக்காகப் பேசும் சிலர் சொல்வதுபோல எல்லா இடத்திலும் இரண்டு கையிலும் லட்டு என்று நான் எழுதமாட்டேன். ஓரத்தையும் வீணாகும் உரத்தையும் தாண்டி உள்ளே போனால் உண்மையான விளைச்சல் இழப்பு வரும். சதுப்பு நிலத்தை வடித்துச் செய்த சாகுபடியை நிறுத்தி மீண்டும் தண்ணீர் கட்டினால் அந்த நிலத்தில் தானியம் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் இழப்பை மறைக்காமல் ஒப்புக்கொண்டு முழுமையாக ஈடுகட்ட வேண்டும். விளைச்சல் குறையும் ஒவ்வொரு ஏக்கருக்கும் ஈடாக வேறெங்கோ யாரோ காட்டை வெட்டக்கூடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அதனால்தான் நல்ல நிலத்தை நன்றாக விளைய விடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அடுத்த முறை வீட்டில் உட்காரும்போது மானியம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "போட்ட காசைத் திருப்பித் தராத மூலை நம் வயலில் எது?" என்று மட்டும் அண்ணனிடம் கேளுங்கள். யோசிக்காமல் கை நீட்டிக் காட்டுவார். அந்த மூலைக்கு விதை, உரம், உழவுக்கூலி எவ்வளவு ஆகிறது, என்ன திரும்பி வருகிறது என்று இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அதை உழாமல் விட அவர் எவ்வளவு கேட்பார் என்று அவரையே ஒரு தொகை சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தாளை எனக்கும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.